சம்பளத்துக்கு நோயாளி

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, பூசை முடிந்து கோயில் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டு நின்றபோது பேராதனைக் கெம்பஸில் வேலை பார்க்கிற ஒரு பிள்ளை என்னைப் பிடித்துக்கொண்டது.

"தாத்தா, முந்தி டொக்டருக்குப் படிக்கிற புள்ளைங்களுக்கு சீக்காளியா நடிச்சது நீங்கதானே? இப்ப அந்த வேலைக்கு ஆள் எடுக்கிறாங்க. இன்டர்வியூ இருக்கு, ட்ரெயினிங் இருக்கு. அந்தக் காலத்துல நீங்க எப்புடி அந்த வேலைய புடிச்சீங்க?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் ஒரு இன்டர்வியூ நடந்தது. அதில் நான் வாயைத் திறந்து சொன்ன முதல் வார்த்தையிலேயே, இன்டர்வியூ வைத்த டொக்டர் அம்மாவைத் திட்ட வந்திருக்கிறேன் என்று அர்த்தமாகிவிட்டது. அப்படியும் வேலை கிடைத்தது. அந்தப் பிள்ளையிடம் படியில் உட்கார்ந்து சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். கோயில் மலருக்கு ஏதாவது எழுதுங்கள் என்று பரிபாலன சபைத் தலைவர் நச்சரித்துக்கொண்டிருந்ததற்கும் ஆயிற்று.

நான் தையல்காரன். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, ஐந்தாம் வகுப்போடு கண்டி டவுனுக்கு இறங்கி, ஒரு முஸ்லிம் நானாவின் தையல் கடையில் பட்டன் தைத்துத் தொழில் பழகினேன். பிறகு முருகன் புண்ணியத்தில் சொந்தமாக ஒரு சின்னக் கடை போட்டேன். எண்பத்துமூன்று கலவரத்தில் அந்தக் கடை எரிந்தது. ஊர் அடங்கியதும் போய்ச் சாம்பலைக் கிளறினேன். தையல் மெஷினின் மரமெல்லாம் போய், இரும்பு மட்டும் கறுத்துக் கிடந்தது. அதைச் சாக்கில் கட்டித் தோளில் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, மண்ணெண்ணெயில் ஊறப்போட்டேன். "முருகா, இது மறுபடி ஓடினால் உன் கோயில் துணி வேலை எதற்கும் சாகும்வரைக்கும் கூலி வாங்க மாட்டேன்" என்று வேண்டிக்கொண்டேன்.

ஓடியது. என்ன ஓட்டம் தெரியுமா, எரிவதற்கு முன்னால் இருந்ததைவிட நன்றாக ஓடியது.

வேண்டுதலின் கனம் அதற்குப் பிறகுதான் தெரிந்தது. தேருக்குத் துணி, சாமிக்கு உடுப்பு, மண்டபத்துக்கு விதானம், கொடி, திரை என்று வருஷத்தில் பாதி கோயிலுக்கே போனது. கடையும் இல்லை. வீட்டுக்கு வந்து தைக்கக் கொடுக்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான். என் மனைவி பார்வதி ஒரு நாள் அரிசிப் பானையைக் கவிழ்த்துக் காட்டினாள்.

"என்னாங்க, முருகனுக்குத் தைக்கிறத நா வேணாங்கல. காலையில மட்டும் ஒரு வேல பாத்துட்டு, மத்தியானத்துக்கு மேல தைக்கலாமில்ல?"

அப்படித்தான் வேலை தேடத் தொடங்கினேன். கெம்பஸ் கென்டீனில் கேட்டால் விடியலிலிருந்து இருட்டும்வரை நிற்கச் சொன்னார்கள். காவல் வேலை கேட்டேன். ராத்திரி முழித்துவிட்டுப் பகலில் ஊசி பிடித்தால் விரலைத்தான் தைப்பேன். லைப்ரரியில் புத்தகம் அடுக்குகிற வேலைக்கு முழு நாளும் வேண்டும், பரீட்சை பாஸும் வேண்டும் என்றார்கள். அந்த நேரத்தில் டொக்டருக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு நான் வெள்ளைக் கோட் தைத்துக் கொடுப்பேன். கோட் வாங்க வந்த ஒரு பிள்ளைதான், "எங்கட டொக்டர் அம்மா காலையில கொஞ்ச நேரத்துக்கு மட்டும் தமிழ் ஆள் ஒருத்தரைத் தேடுறா, போய்ப் பாருங்க" என்று சொன்னது.

டொக்டர் அம்மா யாழ்ப்பாணத்துக்காரர். சின்ன உருவம், பெரிய மூக்குக்கண்ணாடி. நான் கதவருகே நின்று, "அம்மா, ஒங்ககிட்ட கொஞ்சம் பேசணும்னு வந்தேங்க" என்றேன்.

அவர் பேனையை மூடி வைத்துவிட்டு நிமிர்ந்தார். "பேசவோ? நான் என்ன பிழை செய்தனான்? உம்மை நான் இப்பதானே பாக்கிறன்!"

யாழ்ப்பாணத்தில் பேசுவது என்றால் ஏசுவது என்று யார் கண்டார்கள்? "ஐயோ, இல்லீங்கம்மா, பேசத்தாங்க வந்தேன்" என்று இன்னும் பலமாகச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

"இரும், இரும். கதைக்க வந்திருக்கிறீர். ஓம், உம்மட இந்தத் தமிழ்தான் எனக்கு வேணும். இஞ்ச கிளினிக்குக்கு வாற சனத்தில கனபேர் தோட்டத்துச் சனம். என்ர தமிழைப் படிச்சுப்போட்டு இந்தப் பிள்ளையள் அவையளோட கதைக்கப் போனால், உமக்கு இப்ப வந்தது போலதான் வரும்."

வேலை இதுதான். சிங்களப் பிள்ளைகள் டொக்டராகி வெளியே போவதற்கு முன்னால் தமிழில் நோயாளியை விசாரிக்கப் பழக வேண்டும். அவர்கள் பழகுவதற்கு ஒரு நோயாளி வேண்டும். அந்த நோயாளி நான். காலையில் போனால் மத்தியானத்துக்கு முன் விட்டுவிடுவார்கள்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது பார்வதி கையில் இருந்த அகப்பையைப் போட்டுவிட்டாள். "ஏங்க, ஒங்களுக்கு என்ன புத்தி பெரண்டு போச்சா? நல்லா இருக்குற மனுசன் வாயால சீக்கு சீக்குன்னு சொன்னா வராதா?" எனக்கும் உள்ளூர ஒரு உறுத்தல் இருந்தது. கூலி வாங்கிக்கொண்டு பொய் சொல்வது பாவம் அல்லவா? கோயில் ஐயரிடம் போய்க் கேட்டேன். அவர் நைவேத்தியத்தை மூடிக்கொண்டே, "சூரசம்ஹாரத்துக்கு வருஷா வருஷம் சூரனுக்குச் சட்டை தைக்கிறியே, அது பாவமா?" என்று கேட்டார். எனக்குத் தெளிந்துவிட்டது. பார்வதிக்குத் தெளியவில்லை. அவள் தனக்கென்று ஒரு ஏற்பாடு செய்துகொண்டாள். நான் வேலை முடிந்து வரும்போது வாசலில் மஞ்சள் தண்ணிச் செம்போடு நிற்பாள்.

"அங்கயே நில்லுங்க. இன்னைக்கு என்ன சீக்கு?"

"மூட்டு வலி."

"அத பேரச் சொல்லி அங்கனயே வச்சிட்டு, உள்ள வாங்க."

நானும், "மூட்டு வலியே, இங்கேயே இரு" என்று சொல்லிவிட்டுக் காலை நீட்டுவேன். தண்ணீர் ஊற்றிய பிறகுதான் படி ஏற விடுவாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் முதலில் பயந்தார்கள். பிறகு அவர்களே வேலிக்கு அப்பால் நின்று, இன்றைக்கு என்ன சீக்கு என்று கேட்கத் தொடங்கினார்கள்.

டொக்டர் அம்மாவின் முறை கண்டிப்பான முறை. காலையில் அவர் அறைக்குப் போனதும், "முத்தையா, இண்டைக்கு உமக்கு ஈரல்ல வருத்தம்" என்பார், ஏதோ இன்றைக்கு உமக்கு லீவு என்பது போல. எங்கே நோகும், எப்போது கூடும், என்ன சாப்பிட்டால் குமட்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லித் தருவார். அதை நான் எங்கள் பேச்சில் திருப்பிச் சொல்ல வேண்டும். "விலா" என்று சொன்னால் கையைத் தூக்கி நிறுத்துவார். "அது என்ர சொல். உம்மட வீட்டில என்னெண்டு சொல்லுவீர்?" "அள்ளைங்க." "அப்ப அள்ளை எண்டு சொல்லும்."

பிறகு வகுப்புக்கு முன்னால் போட்டிருக்கும் வாங்குப் பலகையில் போய் உட்கார வேண்டும். கேட்காததைச் சொல்லக் கூடாது. பிள்ளை தடுமாறினால் எடுத்துக் கொடுக்கக் கூடாது. எனக்கு இதுதான் மிகவும் கஷ்டம். பாவம் பார்த்து ஒரு நாள் ஒரு பிள்ளைக்குக் கண்ணால் ஜாடை காட்டிவிட்டேன். டொக்டர் அம்மா பின்னால் இருந்தபடியே, "ஈரல் வருத்தக்காரருக்குக் கண்ணும் சுகமில்லைப் போல" என்றார். இன்னொன்று, என் முகத்தைப் பார்க்காமல் கடதாசியைப் பார்த்துக் கேட்டால் நான் பாதிப் பதில்தான் சொல்ல வேண்டும். நிமிர்ந்து பார்த்தால்தான் மீதி. இந்த ஒரு விஷயத்தைப் பிள்ளைகள் சீக்கிரம் பிடித்துக்கொண்டார்கள். பிள்ளைகள் என்னை மாமா என்பார்கள். நல்ல காலம், அந்தச் சொல் இரண்டு பாஷையிலும் ஒன்றுதான்.

இந்த வேலையால் ஒரு தடவை பஸ்ஸிலிருந்து இறக்கப்பட்டும் இருக்கிறேன். யுத்த காலம். பேராதனைக்குப் போகிற வழியில், பாலத்தடியில் ஆமிக்காரர்கள் பஸ்ஸை நிறுத்தி ஐடென்டிட்டிக் கார்ட் பார்ப்பார்கள். பெயர் தமிழ்ப் பெயர் என்றால் இன்னும் நாலு கேள்வி வரும். என்ன தொழில் என்று ஒரு இளம் சிப்பாய் சிங்களத்தில் கேட்டான். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் உள்ளதைச் சொன்னேன்.

"லெடெக், மஹத்தயா." நோயாளி, ஐயா.

அவன் முகம் மாறியது. தொழிலைக் கேட்டேன் என்றான். அதுதான் தொழில் என்றேன். என்ன நோய் என்றான். ஒவ்வொரு நாளும் ஒவ்வொன்று, இன்றைக்கு இடுப்பு வலி என்றேன். இறங்கு கீழே என்றான். பஸ் போய்விட்டது. மணல் மூட்டைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு "சரவணபவ" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த நாட்களில் இப்படி இறக்கப்பட்ட எல்லாரும் வீட்டுக்குத் திரும்பவில்லை என்பது எனக்குத் தெரியும். கடைசியில் அவர்களின் பெரியவர் வந்து, கெம்பஸுக்கு டெலிபோன் பண்ணினார். அந்தப் பக்கம் டொக்டர் அம்மா என்ன சொன்னாரோ, பெரியவர் சிரித்த சிரிப்பில் தொப்பி நழுவியது. அதற்குப் பிறகு அந்தச் சிப்பாய் பஸ்ஸில் ஏறும்போதே என்னைத் தேடி, "இன்றைக்கு என்ன நோய்?" என்று கேட்பான். ஒரு நாள் வயிற்றுப்போக்கு என்றேன். பஸ்ஸே சிரித்தது. பக்கத்தில் இருந்தவர் மட்டும் எழுந்து வேறு சீட்டுக்குப் போனார்.

இனிச் சொல்லப் போவதுதான், இவ்வளவு காலத்துக்குப் பிறகும் நினைத்தால் எனக்கு உள்ளங்கை வேர்க்கிற விஷயம்.

டொக்டர் அம்மா மாணவர்களைக் கூட்டிக்கொண்டு பன்விலப் பக்கம் ஒரு தோட்டத்துக்கு வைத்திய முகாமுக்குப் போனார். வரிசையை ஒழுங்கு பண்ண என்னையும் கூட்டிப் போனார். பிள்ளைக்காம்பராவில், அதுதான் கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் குழந்தைகளை விட்டுப் போகிற இடம், மேசைகளைப் போட்டிருந்தார்கள். ஒரு மேசையில் ருவன். என் வாங்கில் படித்தவர்களில் எனக்கு மிகவும் பிடித்த பிள்ளை. மாத்தறைப் பக்கத்துப் பையன், தமிழ் ஒரு எழுத்தும் தெரியாமல் வந்து, இரவும் பகலும் சொல்லிச் சொல்லிப் பழகியவன். அடுத்த மேசையில் மருந்து கொடுத்தார்கள்.

ருவன் ஒரு இளம் பெண்ணைப் பார்த்து அனுப்பிவிட்டு, முகமெல்லாம் சந்தோஷமாக என்னிடம் ஓடி வந்தான்.

"மாமா! இன்னைக்கு எல்லாம் விளங்கிச்சு! ஒரு சொல்லும் விட இல்லை!"

"என்ன தம்பி சொல்லிச்சு அந்தப் புள்ள?"

"கால்ல புண். அதுக்கு மருந்து எழுதினேன். வேற என்ன இருக்கு கேட்டேன். முழுகாம இருக்கேன் சொன்னாங்க. முழுகுறது, குளிக்கிறதுதானே மாமா? நான் சொன்னேன், அப்பிடி இருக்க வேணாம், தினமும் குளிக்கணும்."

எனக்குத் தலையில் இடி விழுந்தது போல இருந்தது. எங்கள் ஆட்கள் வயிற்றில் பிள்ளை இருக்கிறது என்று வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். மாதா மாதம் தலை முழுகுவது நின்றுபோனது, அதனால் முழுகாம இருக்கேன் என்பார்கள். இந்தச் சொல்லை நான் வாங்கில் உட்கார்ந்து ஒரு நாளும் சொன்னதில்லை. நான் ஆம்பிளை. பெண்பிள்ளைகளும் இருக்கிற வகுப்பில் அந்தப் பேச்சை எடுக்க வெட்கம்.

மருந்து மேசையைப் பார்த்தேன். அந்தப் பெண் ஒரு கையில் மாத்திரை, மறு கையில் தண்ணிக் கோப்பையோடு நிற்கிறாள். நடுவில் பெரிய வரிசை. ருவன் எழுதியது வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாத மருந்தோ என்னவோ எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், அவன் விஷயம் தெரியாமல் எழுதிவிட்டான் என்பதுதான். முருகா என்று ஒரு கூச்சல் போட்டேன்.

"ஏய் புள்ள! முழுகாம இருக்குற புள்ள! முழுங்காத! முழுங்காத!"

பிள்ளைக்காம்பரா முழுவதும் அப்படியே நின்றது. அந்தப் பெண் வாய்க்குக் கொண்டுபோன கையோடு என்னைப் பார்த்தாள். நான் ஆட்களை இடித்துக்கொண்டு போய் மாத்திரையைப் பிடுங்கிக்கொண்டேன். அதற்குள் டொக்டர் அம்மாவும் வந்துவிட்டார். மருந்து எழுதிய துண்டை வாங்கிப் பார்த்தார். முகம் வெளுத்தது. "இது இவவுக்குக் குடுக்கவே கூடாத மருந்து" என்று மெதுவாகச் சொன்னார்.

வரிசையில் பின்னால் இருந்து ஒரு அம்மா கிளம்பினாள். அந்தப் பெண்ணின் மாமியார். "அடியே! முழுகாம இருக்கியா? எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியாடி? தோட்டத்துக்கெல்லாம் இந்த மனுசன் கூவித்தான் எனக்குத் தெரியணுமா?" என்று கத்திக்கொண்டே வந்து, மருமகளைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். ஒருத்தி, "ஐயா, எம் மருமகளையும் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க, எங்கிட்டயும் ஒண்ணும் சொல்ல மாட்டேங்குறா" என்றாள். நான் சுவரில் சாய்ந்து நின்றேன். ருவன் மாத்திரம் மூலையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தான்.

திரும்பி வரும்போது வேனில் டொக்டர் அம்மா என்னைப் பேசினார். யாழ்ப்பாண அர்த்தத்தில் பேசினார்.

"வெக்கப்பட்டது நீர், முத்தையா. வில்லங்கப்படப் போனது அந்தப் பொம்பிளைப் பிள்ளை." பிறகு சொன்னார்: "பிழை என்னிலயும் இருக்கு. ஆம்பிளை ஒராளை வச்சுக்கொண்டு பொம்பிளையளின்ர வருத்தத்தை எப்பிடிப் படிப்பிக்கிறது? ருவன், அழாதையும். முத்தையா, உம்மட மனிசியைக் கூட்டிக்கொண்டு வாரும்."

பார்வதி வருவாள் என்று நான் நினைக்கவே இல்லை. சீக்கின் பெயரைச் சொன்னாலே மஞ்சள் தண்ணி ஊற்றுகிறவள். நடந்ததைச் சொன்னேன். அந்தப் பெண் கோப்பையோடு நின்ற இடம் வந்ததும் அவள் முகத்தில் ஒரு மாற்றம். அடுப்பைத் தணித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"நம்ம மூத்தவள பெத்தப்ப ஆஸ்பத்திரியில நா என்னென்னமோ சொன்னேங்க. நர்சம்மா தலைய தலைய ஆட்டுனாங்க. ஒண்ணும் வெளங்கல அவங்களுக்கு. செவுத்துகிட்ட சொன்ன மாதிரிதான். அத ஒங்ககிட்டகூட சொல்லல." பிறகு, "நாளைக்கு எத்தன மணிக்குப் போகணும்?" என்று கேட்டாள்.

என்னை வாங்கிலிருந்து இறக்கியது அவள்தான். முதல் நாளே ருவனை முன்னால் உட்கார வைத்தார்கள். பாவம், பயத்தில் கடதாசியைத் தூக்கிப் பிடித்திருந்தான். "என்னா தம்பி, தாளுக்கா சீக்கு? என் மூஞ்சிய பாரு" என்றாள் பார்வதி. வகுப்பே சிரித்தது. அவனும் சிரித்துவிட்டான். டொக்டர் அம்மா ஒரு நோய் சொல்லிக் கொடுத்தால் இவள் அதோடு மாமியார் சண்டை, மழை, காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கிற பிரட்டுக்களத்தில் கங்காணி ஏசியது எல்லாம் சேர்த்துச் சொல்வாள். அதற்குள்ளிருந்து பிள்ளைகள் நோயைப் பொறுக்கி எடுக்க வேண்டும். டொக்டர் அம்மா, "உண்மையான நோயாளியள் இப்பிடித்தான் சொல்லுவினம், விடுங்கோ" என்றார். முழுகாம இருக்கிறதிலிருந்து தொடங்கி, நான் வாயே திறக்காத அத்தனையும் அவள் திறந்தாள். வகுப்பு முடிந்தால் பிள்ளைகளை வாசலில் நிறுத்தி, "இன்னைக்கு கேட்ட சீக்க இங்கனயே வச்சிட்டுப் போங்க, வீட்டுக்குக் கொண்டு போகாதீங்க" என்பாள். டொக்டர் அம்மாவும் ஒரு நாள் சொல்லிவிட்டுப் போனதை நான் கண்ணால் பார்த்தேன்.

பிறகு அநேகமான நாட்களில் அவள் போனாள். நான் காலையிலிருந்தே மெஷினில் உட்கார்ந்தேன். அரைநாள் வேலை தேடிப் போனவனுக்கு முழு நாளும் கிடைத்தது என்று ஐயர் கேலி பண்ணுவார். மத்தியானம் வாசலில் மஞ்சள் தண்ணிச் செம்போடு நான் நிற்பேன். அந்தப் பாலத்துக்கும் ஆமிக்காரருக்கும் நடுவே, எங்கள் மூன்று பிள்ளைகளும் அப்படியே படித்து ஆளானார்கள். ருவன் பாஸாகிப் போனான். டொக்டர் அம்மா ஓய்வு பெற்றார். வகுப்பு வேறு ஆட்களிடம் போனது, எங்களுக்கும் வயது போனது.

யுத்தம் ஓய்ந்து வடக்குக்குப் பாதை திறந்த பிறகு, கோயில் சங்கத்தோடு பஸ் பிடித்து அங்கே கோயில் கும்பிடப் போனோம். நான் தைத்த விதானம் ஒன்றை அங்கே ஒரு முருகன் கோயிலுக்குக் கொடுப்பதாக நேர்த்தி. வெயிலும் பஸ்ஸும் தண்ணீர் மாற்றமும் ஒத்துக்கொள்ளாமல் பார்வதி வாந்தி எடுத்து மயங்கி விழுந்தாள். பக்கத்தில் இருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். வந்த டொக்டர் ஒரு சிங்களப் பெண்பிள்ளை, மிகவும் இளம். எனக்குப் பயம். என் சிங்களத்தில் என்னத்தைச் சொல்வது?

அந்தப் பிள்ளை கட்டிலில் குனிந்து, பார்வதியின் முகத்தைப் பார்த்து, "எங்கன ஆயா நோவுது? அள்ளையிலயா, தொப்புளுக்குக் கீழயா? மெதுவா சொல்லுங்க" என்றது.

பார்வதி கண்ணைத் திறந்து அந்தப் பிள்ளையையே பார்த்தாள். பக்கத்தில் நின்ற யாழ்ப்பாணத்து நர்ஸ் சிரித்தார். "எங்கட டொக்டருக்குத் தோட்டத்துத் தமிழ்தான் வரும். வாட்டில 'ஒங்ககிட்ட பேசணும்' எண்டு சொன்னால் சனம் பயந்துபோகும். என்ன செய்ய, அவவுக்குப் படிப்பிச்ச டொக்டர் ருவன் அப்பிடித்தானாம் கதைக்கிறவர்."

நான் வாயைத் திறக்கப் போனேன். பார்வதி போர்வைக்குள்ளிருந்து என் கையை அழுத்தினாள். சொல்ல வேண்டாமாம்.

இரண்டு நாளில் சுகமாகி வீட்டுக்கு விட்டார்கள். மருந்துத் துண்டைக் கொடுத்துவிட்டு அந்த டொக்டர் பிள்ளை வாசல்வரை கூட வந்தது. படி இறங்கப் போன பார்வதியைத் தோளில் தொட்டு நிறுத்தியது.

"நில்லுங்க ஆயா. சீக்கோட பேரச் சொல்லி இங்கனயே வச்சிட்டுப் போங்க. வீட்டுக்குக் கொண்டு போகாதீங்க."

பார்வதி நின்றாள். ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, முதல் நாள் பள்ளிக்கூடம் போன பிள்ளை மாதிரி இரண்டு கையையும் கட்டிக்கொண்டு, "வாந்தியே, மயக்கமே, இங்கனயே இருங்க" என்று பலமாகச் சொன்னாள்.

நான் அவள் காலில் ஊற்றத் தண்ணிக்குழாய் எங்கே இருக்கிறது என்று தேடினேன்.